பரி நரியான இரவு: தமிழக வரலாற்றில் குதிரைப் பந்தியும் இழப்பின் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தின் குதிரை வரலாறு பெரும்பாலும் வணிகம், படை என்னும் இரு நோக்குகளில் எழுதப்பட்டுள்ளது. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரை பந்தியில் கட்டப்பட்ட பின் அதற்கு என்ன நேர்ந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. அடி அண்ணாமலையோடு மரபால் இணைக்கப்படும் மாணிக்கவாசகர் வரலாற்றில் குதிரைகள் அழிவது கடலிலோ களத்திலோ அன்று, பந்தியில்தான். அக்கதையின் பந்திக் காட்சியை மார்கோ போலோ, வஸ்ஸாஃப், இபன் பதூதா ஆகியோரின் குறிப்புகளோடு ஒப்பிட்டு, குதிரை இழப்பின் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அடி அண்ணாமலை, குதிரைப் பந்தி, கயிறு மாறுதல், மாணிக்கவாசகர், மஅபர், வீரவல்லாளன்.

முன்னுரை

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை சற்றொப்ப 14 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் மேற்குப் பகுதியில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. இவ்வூரின் ஆதி அருணாசலேசுவரர் கோயிலை நாடி வருவோர் பலர். அருகில் மாணிக்கவாசகருக்கெனத் தனிக்கோயில் ஒன்று இருப்பதைக் கவனிப்போர் அவர்களுள் சிலரே. திருவெம்பாவை திருவண்ணாமலையில் அருளப்பட்டது என்பது திருவாசக மரபு. அது பாடப்பட்ட இடம் அடி அண்ணாமலையே என்பது இவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

இங்கு மார்கழிப் பாடலின் ஆசிரியராகப் போற்றப்படும் மாணிக்கவாசகர், புராணங்களின்படி அதற்கு முன்னர் பாண்டியனின் அமைச்சர். அரசன் பொருள் கொடுத்துக் குதிரை வாங்க அனுப்பியவர். அவரது துறவும் சிறையும் வையை மணலில் அவர் பட்ட துன்பமும் குதிரைக் கொள்முதல் ஒன்றிலிருந்தே தொடங்குகின்றன. பக்தி வரலாறாக மட்டும் படிக்கப்பட்டுவரும் இக்கதையைக் குதிரை பேணிய வரலாறாகவும் படிக்க இடமுண்டு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

கதையின் இரு பகுதிகள்

குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொருளை வாதவூரர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிடுகிறார். அரசனின் ஓலை வருகிறது. ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் எனச் சொல்லும்படி இறைவன் பணிக்கிறான். நரிகள் பரிகளாகின்றன, இறைவனே குதிரை வணிகனாக அவற்றை மதுரைக்கு ஓட்டி வந்து ஒப்படைக்கிறான். இது முதற்பகுதி. அன்றிரவே பந்தியில் கட்டிய புதுக்குதிரைகள் மீண்டும் நரிகளாகின்றன. முன்பிருந்த குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டு ஓடுகின்றன. இது இரண்டாம் பகுதி.

இவ்விரு பகுதிகளும் சான்றுகளில் ஒரே அளவில் இடம்பெறவில்லை. நரி குதிரையான செய்தி அப்பரின் திருவாரூர்ப் பதிகம் ஒன்றிலேயே குறிக்கப்படுகிறது. திருவாசகத்தின் கீர்த்தித் திருவகவல் அச்செயலோடு பாண்டியனுக்குப் பரி விற்றதையும் சேர்த்துச் சொல்கிறது; திருவேசறவிலும் நரி குதிரையானமை பேசப்படுகிறது. ஆனால் பந்தியில் நிகழ்ந்த அழிவு முழுக்காட்சியாக விரிவது புராணங்களில்தான். பெரும்பற்றப்புலியூர் நம்பி, கடவுள் மாமுனிவர், பரஞ்சோதி முனிவர் ஆகியோரின் நூல்கள் இக்கதையைக் கூறுகின்றன. பரஞ்சோதியார் இதனை நரி பரியாக்கிய படலம், பரி நரியாக்கிய படலம் என இரண்டாகப் பகுத்து, இழப்புக்கெனவே ஒரு படலத்தை ஒதுக்குகிறார்.

எனவே நரி பரியான கற்பனை பழமையானது. பரி நரியான இரவு பின்னர் வளர்ந்தது எனக் கொள்ளலாம். அது வளர்ந்த காலம் பாரசீக வளைகுடாவிலிருந்து தமிழகக் கடற்கரைக்குக் குதிரைகள் பெருமளவில் வந்திறங்கிய காலத்தை ஒட்டியும் அதற்குப் பின்னும் அமைகிறது. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே அறியும். ஆயினும் குதிரை அரசின் கருவூலத்தையே உலுக்கும் செலவாக மாறியது பிற்பாண்டியர் காலத்தில்தான். புராண ஆசிரியர்கள் பந்திக்குள் விளக்கேற்றிப் பார்த்ததற்கு இச்சூழலும் ஒரு காரணமாதல் கூடும்.

கயிறு மாறுதல்

பரஞ்சோதியாரின் கதையில் வணிக வரலாற்றாளர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. வணிகனாக வந்த இறைவன் குதிரைகளைக் கயிறு மாற்றிக் கொடுக்கிறான். கயிறு கைமாறிய பின்னர்க் குதிரைக்கு நேரும் நன்மை தீமை வாங்கியவனையே சாரும். அதாவது, கயிறு மாறுதல் உடைமையை மட்டுமன்றி இழப்பின் பொறுப்பையும் மாற்றும் சடங்கு.

இது புலவரின் வெறுங்கற்பனை அன்று. தமிழகத்தின் மாட்டுச் சந்தைகளில் விற்றவர் தம் பழைய கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வதும், வாங்கியவர் தாம் கொண்டுவந்த புதுக்கயிற்றைப் பூட்டுவதும் இன்றும் காணத்தக்க வழக்கம். குதிரை வணிகத்தில் தனித்து இயங்கியோரைச் சோழர் காலக் கல்வெட்டுகள் குதிரைச்செட்டிகள் எனக் குறிக்கின்றன. அவர்களுள் மலைமண்டலத்தார், அதாவது சேரநாட்டார், இடம்பெறுகின்றனர். தொழில்முறை வணிகர் இருந்த இடத்தில் பொறுப்பு மாறும் நொடி எது என்பதற்குத் தெளிவான அடையாளம் வேண்டியிருந்திருக்கும். கயிறு அவ்வடையாளமாக அமைந்தது.

கதையின் கூர்மையும் இங்கேதான் உள்ளது. பகலில் கயிறு மாறுகிறது. இரவில் இழப்பு நேர்கிறது. விடியலில் பந்திக் காவலர் அஞ்சி அரசனிடம் ஓடுகின்றனர். வணிகனைக் கேட்க வழியில்லை. எனவே தண்டனை, கொள்முதலுக்குப் பொறுப்பான அமைச்சர் மீது விழுகிறது. விற்றவர் விலகிக்கொள்ள, வாங்கச் சென்ற அதிகாரி சுடுமணலில் நிறுத்தப்படுகிறார்.

அயலார் குறிப்புகளில் இழப்பு

புராணம் சொல்லும் இப்பொறுப்புப் பகிர்வை, 13, 14ஆம் நூற்றாண்டுகளின் அயலார் குறிப்புகள் வேறொரு திசையிலிருந்து உறுதிசெய்கின்றன. அவர்கள் மஅபர் என வழங்குவது சோழ, பாண்டிய மண்டலக் கடற்கரைப் பகுதியை.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்தி குறிப்பிடத்தக்கது. கிஷ் தீவின் தலைவரான ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் தம் குதிரைகள் 1,400-ஐ மஅபருக்கு அனுப்ப உடன்பாடு இருந்தது. வளைகுடாவின் பிற துறைகளிலிருந்து வந்தவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாக அவர் கூறுகிறார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை. மொத்தம் 22 இலட்சம் தினார். இவ்வுடன்பாட்டில் ஒரு நிபந்தனையும் இருந்தது. கடற்பயணத்தில் குதிரை ஊனமுற்றாலும் இறந்தாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே கொடுத்தல் வேண்டும். கயிறு மாறுவதற்கு முன் நேரும் இழப்பும் வாங்குவோரையே சேர்ந்தது என்பது இதன் பொருள்.

இப்பெருந்தொகை கோயில்களுக்குரிய நிலங்களின் வருவாய் உள்ளிட்டவற்றிலிருந்து கொடுக்கப்பட்டதாகவும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். இதனை மாணிக்கவாசகர் கதையோடு வைத்துப் பார்த்தல் தகும். வஸ்ஸாஃப் கூற்றில் கோயில் பொருள் குதிரைக்குச் செல்கிறது. புராணத்தில் குதிரைக்கான பொருள் கோயிலுக்குத் திரும்புகிறது. இரண்டையும் காரண காரியமாக இணைக்கச் சான்றில்லை. ஆயினும் கோயிலும் குதிரையும் ஒரே செல்வத்துக்குப் போட்டியிட்ட ஒரு சமுதாயத்தில் இக்கதை சொல்லப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

1290களில் இக்கடற்கரைக்கு வந்த வெனிசு நாட்டு மார்கோ போலோவின் கூற்று இன்னும் கடுமையானது. இங்கு ஆண்ட ஐந்து அரச உடன்பிறப்புகளும் ஆளுக்கு ஏறத்தாழ 2,000 குதிரைகள் ஆண்டுதோறும் வாங்கினர். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்கிறார். குதிரை மருத்துவம் அறிந்தோரும் இலாடம் அடிப்போரும் இல்லாமையே காரணம் என்றும், அத்தகையோர் இந்நாட்டுக்கு வராதபடி வணிகரே தடுத்தனர் என்றும் அவர் மேலும் கூறுகிறார்.

இக்கூற்றை அப்படியே ஏற்பது முறையன்று. போலோ கேட்டறிந்தது வணிகர் வாய்மொழி. 2,000, 100 என்னும் எண்கள் மிகைப்பட்டவையாதல் வேண்டும். குதிரை இலக்கணமும் நோயும் கூறும் நூல்கள் இந்நாட்டில் வழங்கின. நகுலன் பெயரால் அமைந்த அசுவசாத்திரத்தின் ஓவியச் சுவடி தஞ்சைச் சரசுவதி மகாலில் பேணப்பட்டு அச்சாகியும் உள்ளது. பரஞ்சோதியாரும் குதிரை இலக்கணத்தை விரிவாக அறிந்தவர். ஆகவே அறிவே இல்லை என்பது பொருந்தாது. நூலறிவு பந்தியில் நாள்தோறும் உழைத்த கைகளைச் சென்றடைந்ததா என்பதே கேட்கத்தக்க வினா.

பந்தியின் உணவும் கட்டும்

அவ்வினாவுக்கு விடை காணப் பந்தியின் அன்றாடத்தை நோக்குதல் வேண்டும். மார்கோ போலோ, குதிரைகளுக்கு இறைச்சி கலந்த சோறு கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார். வறுத்த தானியத்தை வெண்ணெய் சேர்த்து ஊட்டினர், காய்ச்சிய பசும்பால் கொடுத்தனர் என்கிறார் வஸ்ஸாஃப். அரிய விருந்தினருக்குப் படைப்பது போன்ற உணவு இது. பொருட்செலவு குறைவில்லை, குதிரைக்கு ஏற்றதுமில்லை.

குதிரையின் இரைப்பை அதன் உடலளவோடு ஒப்பிடச் சிறியது. அது பெரும்பாலான நேரம் புல்லைச் சிறிது சிறிதாக மேயும் விலங்கு. உண்டதை வாந்தியெடுக்க இயலாதது. மாவுப்பொருள் மிகுந்த உணவை ஒரே வேளையில் ஏற்றினால், செரியாத பகுதி பெருங்குடலைச் சென்றடைந்து புளிக்கிறது. வயிற்றுச் சூலையும் குளம்பின் உட்பகுதி அழற்சியும் அதனால் நேர்கின்றன. முதல்நாள் கொழுத்து மின்னிய குதிரை மறுநாள் தரையில் புரள்வதும், நிற்கமாட்டாமல் தவிப்பதும் பார்ப்போருக்கு விளங்காத விபத்தாகவே தோன்றியிருக்கும்.

கட்டும் முறையும் இழப்புக்கு வழிவகுத்தது. நாற்பது நாள் குதிரைகளைக் கயிற்றாலும் முளையாலும் பந்தியில் பிணித்துக் கொழுக்க வைத்தனர். பின்னர்ப் பயிற்சியின்றியே ஏறி விரட்டினர். வலிய குதிரைகளும் விரைவில் தளர்ந்து பயனற்றுப் போயின என்கிறார் வஸ்ஸாஃப். தலைக்கயிற்றை முன்முளையிலும் பின்னங்கால் கயிற்றைப் பின்முளையிலும் கட்டுவது இந்தியாவில் நெடுங்காலம் நிலைத்த முறை. அடுத்தடுத்து நிற்கும் குதிரைகள் ஒன்றையொன்று கடியாமலும் உதையாமலும் இருக்க அது உதவியது; எல்லாக் குதிரைக்கும் தனி அறை கட்டும் செலவையும் மிச்சப்படுத்தியது. ஆனால் குதிரை அச்சம் வந்தால் ஓடித் தப்பும் இயல்பினது. நள்ளிரவில் பாம்போ நாயோ நெருப்போ கண்டு மிரண்ட குதிரை முன்னும் பின்னும் பிணிக்கப்பட்டிருந்தால் தன் கயிற்றிலேயே சிக்கிக் காலை முறித்துக்கொள்ளும். ஒன்றின் மிரட்சி வரிசை முழுவதற்கும் பரவும். கூரையும் வைக்கோலும் எரிபொருளாக, எண்ணெய் விளக்கு மட்டுமே ஒளியாக இருந்த பந்தியில் இரவுக்காவல் எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஈயும் ஒரு பகை. மழைக்காலத்தையும் அதன் பின்னாள்களையும் ஒட்டி, கடிக்கும் பேரீக்கள் பரப்பும் சர்ரா என்னும் நோய் குதிரைகளை இளைக்கச் செய்து கொல்லும். அதற்குக் காரணமான குருதி நுண்ணுயிரியை 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்சு கண்டறிந்தார். வறண்ட நிலத்திலிருந்து ஈரமான கடற்கரைக்கு வந்த குதிரைகள் இத்தகைய நோய்களுக்கு எளிதில் ஆளாகியிருத்தல் கூடும்.

நரிக்கடி: ஒரு கருத்து

பரி நரியான கதையில் அழிவைச் செய்யும் விலங்கு நரி என்பதும் ஆராயத்தக்கது. முதற்பகுதியில் நரி இடம்பெறுவதற்குச் சமயப் பொருள் போதும். இழிந்ததை உயர்ந்ததாக்கும் அருள் அங்கே பேசப்படுகிறது. இரண்டாம் பகுதியில் நரிகள் ஓடிப்போவதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் அவை பழைய குதிரைகளையும் கடிக்கின்றன. இந்தக் கூடுதல் செய்தி எதற்கு?

நரி இயல்பாக வளர்ந்த குதிரையைத் தாக்கும் விலங்கன்று. வெறிநோய் கண்ட நரி மட்டும் அச்சமின்றி ஊருக்குள் நுழைந்து மாட்டையும் குதிரையையும் கடிக்கும். இந்தியாவில் வெறிநோயைப் பரப்பும் காட்டு விலங்குகளுள் நரி முதன்மையானது. கடிபட்ட குதிரை உடனே சாவதில்லை. சில வாரங்களோ மாதங்களோ கழிந்து வெறிகொண்டு தன்னையும் அருகிலுள்ளவற்றையும் கடிக்கும். நேற்றுவரை சாதுவாக நின்ற குதிரை திடீரென நரிபோல் கடிக்கத் தொடங்குவதைக் கண்ட பந்திக்காரர் மனத்தில் என்ன தோன்றியிருக்கும் என எண்ணிப் பார்க்கலாம்.

இதனை நிறுவப்பட்ட முடிபாகக் கொள்ளல் ஆகாது. கதையில் ஓரிரவில் நிகழ்வது நோயில் வாரக்கணக்கில் நிகழ்வது. புராணத்தை மருத்துவக் குறிப்பாகச் சுருக்குவதும் பிழை. எனினும் இரவு, கட்டப்பட்ட குதிரை, கடி, விடியலில் காவலரின் அச்சம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைவது, பந்தியை நன்கறிந்தவர் நினைவு இக்கதையில் கலந்துள்ளது என்னும் கருத்துக்கு இடமளிக்கிறது.

பந்திக்கு வெளியே: வல்லாளனின் நண்பகல்

பந்தியில் கட்டிய குதிரைக்கு ஒருவகை இடர் என்றால், கட்டவிழ்த்து மேயவிட்ட குதிரையால் நேர்ந்த இடர் மற்றொன்று. அதற்கான சான்று திருவண்ணாமலையின் அரசியல் வரலாற்றிலேயே உள்ளது. ஒய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் தன் ஆட்சியின் பிற்பகுதியில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்தான். அண்ணாமலையார் கோயிலின் வல்லாள கோபுரம் அவன் பெயரால் வழங்குகிறது.

அவனது இறுதிப் போரை இபன் பதூதா விவரிக்கிறார். 1342ஆம் ஆண்டையொட்டி வல்லாளன் மதுரைச் சுல்தானின் படையினரைக் கண்ணனூர்க் கொப்பத்தில் முற்றுகையிட்டிருந்தான். அவனிடம் பெரும்படை இருந்தது. மதுரைச் சுல்தான் கியாசுத்தீனிடம் இருந்தது சில ஆயிரம் வீரர்களே. சுல்தானின் படை நண்பகலில் திடீரெனப் பாய்ந்தது. அப்போது வல்லாளன் பாசறை உறங்கிக்கொண்டிருந்தது. குதிரைகள் மேய்ச்சலுக்கு அனுப்பப்பட்டிருந்தன. வந்தவர்களைக் கள்வர் என எண்ணி ஒழுங்கின்றி எதிர்கொண்டனர். எண்பது வயதைக் கடந்த மன்னன் குதிரையேற முயன்றபோது பிடிபட்டான், பின்னர்க் கொல்லப்பட்டான்.

இத்தோல்விக்குக் குதிரைகள் இல்லாமை ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. போர்நிறுத்த காலத்தின் கவனக்குறைவும் முதுமையும் சேர்ந்தே செயற்பட்டன. ஆயினும் இபன் பதூதா தம் சுருக்கமான விவரிப்பில் மேய்ச்சலுக்குச் சென்ற குதிரைகளைத் தவறாமல் குறிப்பிடுகிறார். ஆயிரக்கணக்கான பொன் கொடுத்துச் சேர்த்த குதிரைப்படை, வேண்டிய ஒரு நாழிகையில் இல்லாமற்போயிற்று. எத்தனை குதிரைகளை அவிழ்ப்பது, எத்தனையைச் சேணத்தோடு நிறுத்துவது என்பது பந்திக்காரரின் சிறு முடிவு. அன்று அதைச் சார்ந்து ஓர் அரசின் கதி அமைந்தது. மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி வல்லாள மகாராசனுக்கு மகன் முறையில் செய்யும் சடங்கு, அந்த இறப்பை இவ்வூர் இன்றும் மறவாமல் வைத்திருப்பதைக் காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. கடலில் இறந்த குதிரைக்குக் கருவூலம் பொறுப்பு. கயிறு மாறிய பின் இறந்த குதிரைக்கும் வாங்கியவரே பொறுப்பு. இரு நிலையிலும் வணிகருக்கு இழப்பில்லை. குதிரை எவ்வளவு விரைவில் இறந்ததோ அவ்வளவு விரைவில் அடுத்த கப்பலுக்குத் தேவை எழுந்தது. வாங்குவோர் தம் இழப்பைக் குறைக்க வல்ல ஒரே இடம் பந்தி. அங்கு ஏற்ற உணவும், தளர்ந்த கட்டும், இரவுக்காவலும், பழகிய கையும் இருந்திருந்தால் 22 இலட்சம் தினாரில் ஒரு பகுதியேனும் எஞ்சியிருக்கும். வரலாற்று நூல்கள் குதிரை விலையைக் கணக்கிட்ட அளவுக்குப் பந்திக்காரரின் உழைப்பைக் கணக்கிடவில்லை. வாதுவர் என்னும் பழஞ்சொல் இலக்கியத்தில் உண்டு; அவர்களின் வாழ்வு ஆய்வுப்பொருளாவது இனிமேல்தான்.

கார்த்திகைத் தீபத் திருவிழாவை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் கால்நடைச் சந்தைக்கு இன்றும் குதிரைகள் வருகின்றன. ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையும் அத்தகையதே. அங்கும் முளையும் கயிறும் உள்ளன. அங்கும் கயிறு மாறிய மறுநொடியில் பொறுப்பு மாறுகிறது. விலை பேசும்போது கூடும் கூட்டம் அன்றிரவு குதிரையருகே இருப்பதில்லை. இருப்பவர் அதைப் பேணுபவர் ஒருவரே. நரியான பரிகளின் கதையில் விடியலில் முதலில் அஞ்சி நின்றவரும் அவரே. தமிழகக் குதிரை வரலாற்றின் அடுத்த பக்கம் அவரிடமிருந்து எழுதப்படுதல் வேண்டும்.